நத்தாருக்கு 60 பேர்: எதை முதலே சமைச்சு வைக்கலாம், எதை வைக்கக் கூடாது

கேள்வி, 30 நவெம்பர் 2024

அக்கா, இளவாலைக்குக் கலியாணம் கட்டி வந்து இது மூண்டாவது நத்தார். இந்தமுறை கனடாவிலையிருந்தும் லண்டனிலையிருந்தும் அவரின்ரை பக்கத்து ஆக்கள் வருகினம். 25 மத்தியானம் 60 பேர் மட்டிலை. பஃபே மாதிரி மேசையிலை வைச்சால் தாங்களே போட்டுச் சாப்பிடுவினம் எண்டு முடிவு. மாமிக்கு முழங்கால் ஏலாது, குசினி முழுக்க நான்தான். இரண்டு அடுப்புக் காஸ் குக்கர், வெளியிலை விறகடுப்பு, ஒரு பிறிட்ஜ். நான் யோசிச்சது: 24 பின்னேரமே சோறு, ஆட்டிறைச்சி, கோழி, பருப்பு எல்லாம் சமைச்சு மூடி வைச்சிட்டு நள்ளிரவுப் பூசைக்குப் போறது. அடுத்தநாள் மத்தியானம் ஒருக்காச் சூடாக்கி மேசையிலை வைச்சால் வேலை முடிஞ்சுது. சரிவருமோ?

30 நவெம்பர், இரவு

சரிவராது பிள்ளை. இதையே செய்து 8 கிலோ கோழிக்கறியை வளவுக்குள்ளை கிடங்கு வெட்டித் தாட்டவள் நான்.

சண்டை முடிஞ்சு வெளிநாட்டு ஆக்கள் எல்லாரும் முதல்முறையா ஒண்டா வந்த நத்தார் அது. 24 பின்னேரம் 5 மணிக்குக் கறியை இறக்கி, ஈ விழுந்திடும் எண்டு கிடாரத்தை இறுக்கி மூடி, குசினித் தரையிலை வைச்சிட்டுப் பெரியகோயிலுக்குப் போனன். மழைநாள், குளிர்தானே எண்ட நினைப்பு. விடிய 6 மணிக்கு மூடியைத் திறந்தால் விளிம்பைச் சுத்தி நுரை. 13 மணித்தியாலம் கழிச்சும் கிடாரத்தின்ரை அடி இளஞ்சூடு.

அந்த இளஞ்சூடுதான் வில்லங்கம். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையிலைதான் கிருமி பெருகும். சின்னச் சட்டி கெதியா ஆறிடும், கிடாரத்தின்ரை நடு விடியும்வரைக்கும் ஆறாது. இறைச்சிக்கறியிலை வாற க்ளொஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் எண்ட கிருமியின்ரை வித்து கொதியிலையும் தப்பிக் கிடந்து, கறி மெல்ல ஆறேக்கை முளைக்கும். சோத்திலை வாறது பசிலஸ் சீரியஸ். அது விடுகிற நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. "சூடாக்கினால் எல்லாம் செத்துப்போம்" எண்டு நம்பித்தான் நானும் மூடி வைச்சனான்.

அண்டு மத்தியானம் எல்லாருக்கும் பாணும் பருப்பும் முட்டைப் பொரியலும். ஒருத்தரும் குறை சொல்லேல்லை. ஆனால் அம்மா கோழியைத் தாட்ட இடத்தையே கொஞ்சநேரம் பாத்துக்கொண்டு நிண்டவ.

1 டிசெம்பர்

ராத்திரி எழுதினதைத் திரும்ப வாசிச்சன். "சரிவராது" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு விட்டமாதிரிக் கிடக்கு. முதலே செய்து வைக்கிற யோசினை நல்லது. நீர் தெரிஞ்செடுத்த சாமான்தான் பிழை.

புளி, வினாகிரி, சீனி, எண்ணெய், உப்பு தூக்கலா உள்ளது எல்லாம் பொறுக்கும், ருசியும் கூடும். சோறு, தேங்காய்ப்பால், பச்சைத் தேங்காய்ப்பூ, இலை பொறுக்காது. இதை மனதிலை வைச்சுக்கொண்டு மேசையை நிரப்ப வேணும்.

எங்கடை வீட்டிலையும் இந்த வருஷம் 60 பேர் மட்டிலைதான். மேசையிலை: மஞ்சள் சோறு, ஆட்டிறைச்சிப் பிரட்டல், கோழிக்கறி, கத்தரிக்காய் மோஜு, சீனிச்சம்பல், சின்ன வெங்காய அச்சாறு, பருப்பு, கரட் சம்பல், ரோல்ஸ், பிஸ்கட் புடிங், பழம், கேக். இதிலை 25 விடிய புதுசா அடுப்பிலை ஏறுறது சோறும் பருப்பும் மட்டும். மற்றதெல்லாம் சூடாக்கிறதும் பொரிக்கிறதும் கலக்கிறதும்தான்.

அச்சாறு 10 ஆம் திகதிக்குள்ளை போட்டிடும். கடுகு, இஞ்சி, உள்ளி, மிளகை வினாகிரியிலை அரைச்சு, உரிச்ச சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கரட், போஞ்சியைக் கொதிச்ச வினாகிரியிலை ஒருக்கா வெதுப்பி எடுத்துச் சேக்கிறது. கண்ணாடிப் போத்தில், ஈரமில்லாத கரண்டி. இரண்டு கிழமையிலை வெங்காயத்தின்ரை காரம் அடங்கி, கடிக்கேக்கை கறுக் எண்டு நிக்கும்.

சீனிச்சம்பலுக்கு 4 கிலோ பெரிய வெங்காயம் வெட்டினால் ஒண்டரைக் கிலோவுக்குச் சுருங்கும். மெல்லிய நெருப்பிலை ஒரு மணித்தியாலத்துக்கு மேலை. அவசரத்துக்கு நெருப்பைக் கூட்டினால் வெளியிலை கறுத்து உள்ளை தண்ணி நிண்டிடும், அந்தத் தண்ணிதான் பேந்து பழுதாக்கும். மாசிக் கருவாடு போட முதல் பாதியைப் பிரிச்சு வையும், சைவக்காரருக்கு.

மோஜுவும் ஆட்டிறைச்சியும் 23 ஆம் திகதி.

2 டிசெம்பர்

வெள்ளம் வத்தினாலும் கிணறு இன்னும் கலங்கல். போன கிழமை பெய்த மழையிலை உங்கடை பக்கமும் அப்பிடித்தான் இருக்கும். சமையலுக்குக் கொதிக்கிற தண்ணியைப் பற்றிக் கவலையில்லை. கரட் கழுவிற தண்ணி, நெல்லிரசப் பானம் கலக்கிற தண்ணி, ஐஸ்கட்டி, இந்த மூண்டுக்கும் கொதிச்சாறின தண்ணி. கிணத்துக்குக் குளோரின் போடுவிக்கிறதையும் இப்பவே பாரும்.

3 டிசெம்பர்

ரோல்ஸைப் பற்றி விரிவாக் கேட்டிருந்தீர். இதைச் சொல்ல எனக்கும் விருப்பம். யாழ்ப்பாணத்திலை ஒரு கொண்டாட்டத்திலை பெடியள் முதல் கை வைக்கிறது ரோல்ஸ் தட்டிலைதான். பொரிக்காமல் பிறீசரிலை மூண்டு கிழமை கிடந்தாலும் ருசி மாறாத பலகாரமும் அதுதான்.

நான் 15 ஆம் திகதிக்கு முன்னுக்கு 180 செய்யப்போறன். ஒரு கிலோ கோதுமை மாவுக்கு எனக்கு 30 ரோல்ஸ் வரும். உள்ளீடு ரோல்ஸுக்கு 60 கிராம். உருளைக்கிழங்கு, ரின்மீன், லீக்ஸ், வெங்காயம், பச்சைமிளகாய், மிளகுதூள், கடைசியிலை தேசிப்புளி.

கவனிக்க வேண்டியது மூண்டு இடம். கிழங்கைத் துண்டாப் போட்டால் உறைஞ்சு இளகேக்கை மணல் மாதிரி வரும், அதாலை நல்லா மசிச்சுப் போட வேணும். உள்ளீடு முழுசா ஆற முதல் சுத்தினால் ஆவியிலை தோல் நனைஞ்சு பொரிக்கேக்கை வெடிக்கும், விசிறிக்குக் கீழை தட்டிலை பரப்பி ஆறவிடும். லீக்ஸிலை தண்ணி நிக்கக் கூடாது, தனிய வதக்கி வத்த வைச்சுப் பேந்து சேரும்.

சுத்தி, முட்டையிலை தோய்ச்சு, றஸ்க் தூளிலை பிரட்டினதைத் தட்டிலை ஒண்டோடை ஒண்டு முட்டாமல் ஒரு இரவு உறைய வைக்கிறது. கல்லானாப்பிறகு பையிலை அடுக்கலாம். உடனை பையிலை போட்டால் எல்லாம் ஒரே கட்டியாகிடும், 25 மத்தியானம் கத்தியோடை மல்லுக்கட்ட வேண்டிவரும்.

24 இரவு பிறீசராலை எடுத்துப் பிறிட்ஜின்ரை கீழ்த்தட்டிலை வையும். கல்லாக் கிடக்கிறதைத் தாச்சியிலை போட்டால் எண்ணெய் குளிர்ந்து, தோல் எண்ணெய் குடிச்சு, நடு பச்சையாக் கிடக்கும். ஒருமுறைக்கு எட்டுக்கு மேலை போடாதையும். பொரிச்சதை மூடவும் வேண்டாம், ஒண்டுக்கு மேலை ஒண்டு அடுக்கவும் வேண்டாம். மூடினால் அந்த மொறுமொறுப்பு அஞ்சு நிமிசத்திலை போயிடும்.

4 டிசெம்பர்

180 கூட. பிள்ளையளை நினைச்சு ஆளுக்கு மூண்டெண்டு கணக்குப் போட்டிட்டன். பின்னாலை சோறும் இரண்டு இறைச்சியும் வருகுது. ஆளுக்கு இரண்டு, கையிலை ஒரு பத்து. 130 காணும்.

இன்னொண்டு. இதை வாசிச்சிட்டுப் பிரான்ஸிலையிருந்து ஒரு தங்கச்சி, ரோல்ஸுக்குள்ளை அவிச்ச முட்டைத்துண்டு வைக்கலாமோ எண்டு கேட்டவ. அண்டைக்கே பொரிக்கிறதெண்டால் வையுங்கோ. உறைய வைக்கிறதெண்டால் வேண்டாம். வெள்ளைக்கரு றப்பர் மாதிரியாகித் தண்ணி விடும்.

7 டிசெம்பர்

சோறு.

அரிசி ஆளுக்கு 110 கிராம் எண்டால் 60 பேருக்கு 6 கிலோ 600. நான் 7 கிலோ போடுவன். கீரிச்சம்பாதான் மனதிலை, ஆனால் இந்த மாசம் அரிசித் தட்டுப்பாட்டிலை கடைக்காரர் என்ன வைச்சிருப்பினமோ அதுதான் சோறு. நீரும் இப்பவே வாங்கி வையும்.

7 கிலோவையும் ஒரு கிடாரத்திலை போட வேண்டாம். மேலை வேக முதல் அடி பிடிச்சிடும். இரண்டு பாத்திரம், மூண்டரை மூண்டரைக் கிலோ. நெய்யிலை வெங்காயம், றம்பை, கறிவேப்பிலை, ஏலம், கறுவா, கராம்பு வதக்கி, மஞ்சள், அரிசியை ஒரு பிரட்டுப் பிரட்டி, கொதிதண்ணி. தேங்காய்ப்பாலிலை அவிச்சால் ருசி கூடத்தான். ஆனால் மூண்டு மணித்தியாலம் சூட்டிலை நிக்கிற சோத்துக்குப் பால் வேண்டாம் எண்டு நான் விட்டுட்டன். நெய்யும் றம்பையும் தாற மணம் காணும்.

நேரம்தான் முக்கியம். ஒரு மணிக்குச் சாப்பாடெண்டால் பத்தேகாலுக்கு ஏத்தி, பத்தே முக்காலுக்கு இறக்கி, வாழையிலையை வாட்டிச் சோத்துக்கு மேலை போட்டு, மூடி, பழைய போர்வையாலை சுத்தி விடுறது. தங்கச்சி ரொறொன்ரோவிலையிருந்து கொண்டந்து தந்த வெப்பமானியாலை போன வருஷம் குத்திப் பாத்தன்: இறக்கேக்கை 94, இரண்டு மணித்தியாலம் கழிச்சு 71. 60 க்குக் கீழை போகாமல் நிண்டது. அதாலை சோத்தை விடியக்காலமை 6 மணிக்கே சமைச்சு வைக்கிற பழக்கத்தை நான் விட்டிட்டன்.

ஒரு மாமி சொன்னவ, "நாங்கள் பழஞ்சோறு சாப்பிட்டு வளர்ந்த ஆக்கள், எங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையே" எண்டு. மாமி, அது ஆறினவுடனை தண்ணி ஊத்திப் புளிக்க வைச்ச சோறு. புளிப்பே ஒரு காவல். நெய்ச்சோறு கிடாரத்திலை மூடிக்கிடந்து வேகிறது வேற கதை. என்ரை கோழிக்கும் ஒண்டும் ஆகாது எண்டுதான் நானும் நினைச்சனான்.

8 டிசெம்பர்

1 ஆம் திகதி மேசைக் கணக்கிலை கோழிக்கறி எண்டு போட்டிட்டுத் தேங்காய்ப்பாலைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. பெரிய பிழை. இரண்டு பேர் அதைப் பிடிச்சிட்டினம்.

24 விடியக் கோழியைத் தூள், உள்ளி, இஞ்சி, தக்காளியோடை பாலில்லாமல் முழுசா வேக வைக்க வேணும். உருளைக்கிழங்கும் போடாதையும், அது இரவிலை குழம்பை உறிஞ்சி மாவாகிடும். 25 சூடாக்கி நல்லாக் கொதிச்சாப்பிறகு கெட்டிப்பாலை விட்டு ஒரு கொதியோடை இறக்கினால் அண்டைக்குச் சமைச்ச கறிதான். ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தொட்டு நிக்கேக்கை, பாலை விட்ட கறி பழுதாப் போறதை நினைச்சாலே வயிறு எரியுது. தேங்காய்ப்பால் மாவும் கோழிக்குப் பரவாயில்லை. சொதிக்கு நான் அதைப் பாவிக்கமாட்டன்.

ஆட்டிறைச்சி பிரட்டலா வத்த வைக்கிறதாலை அதுக்குப் பாலே தேவையில்லை. எலும்போடை 10 கிலோ. கோழியும் இருக்கிறபடியால் காணும். 23 சமைச்சு 25 சாப்பிடேக்கை தூள் உள்ளுக்கு இறங்கி, முதல்நாளையை விட அடுத்தநாள்தான் திறம். கொழுப்பு மேலை வெள்ளையா உறைஞ்சு நிக்கும், கூடவெண்டால் சூடாக்க முதல் கரண்டியாலை எடுத்துவிடும்.

இறக்கினவுடனை நான் செய்யிறது: கறியை அகலத் தட்டுகளிலை இரண்டு அங்குலத்துக்கு மேலை போகாமல் பரப்புறது. தட்டைப் பச்சைத்தண்ணி நிரப்பின பெரிய தாம்பாளத்துக்குள்ளை வைச்சு, விசிறி. ஒரு மணித்தியாலத்திலை ஆறிடும், இரண்டு மணித்தியாலத்துக்குள்ளை பிறிட்ஜுக்குள்ளை. திரும்பச் சூடாக்கேக்கை நடு 75 பாகை. வெப்பமானி இல்லையெண்டால், ஓரத்திலை குமிழ் வந்தால் காணாது. கிளறி நடுவும் தளதளவெண்டு கொதிக்க வேணும். ஒருக்காச் சூடாக்கினதைத் திரும்ப ஆற வைச்சு இன்னொருக்காச் சூடாக்கிற வேலை வேண்டாம்.

12 டிசெம்பர்

கேக் சுட்டாச்சு. "இப்ப தொடங்கலாமோ" எண்டு கேட்டவைக்கு: இண்டைக்கே பழத்தை ஊறவிடுங்கோ. நான் கார்த்திகை நடுவிலை பிளம்ஸ், சுல்தானா, சீனிப்பாகிலை காய்ச்சின இஞ்சித் தோசி, பூசணித் தோசி, கஜு எல்லாம் வெட்டிப் பிறண்டியிலை போட்டனான். இப்ப தொடங்கினாலும் ஒரு கிழமை கிடைக்கும். றவையைப் பட்டரோடை முதல்நாளே குழைச்சு வைச்சால் கேக் இளகும். 150 பாகையிலை இரண்டரை மணித்தியாலம். ஆறினாப்பிறகு துண்டு துண்டா ஒயில் பேப்பரிலை சுத்தி வைக்கிறது. நத்தாருக்கு முதலே செய்து வைக்கிற சாப்பாட்டுக்கெல்லாம் தாய் இந்தக் கேக்தான்.

எங்களுக்கு மின்சாரம் இல்லாத காலமும் இருந்தது. 1990 க்குப் பிறகு குடாநாட்டிலை கறன்ற் இல்லை, காஸ் இல்லை, மண்ணெண்ணெய் போத்தில் கணக்கிலை. அம்மா மண்சட்டிக்குள்ளை மணல் பரப்பி, கேக் தட்டை வைச்சு, மூடிக்கு மேலையும் கீழையும் சிரட்டைக் கரித்தணல் போட்டுச் சுடுவா. பிளம்ஸுக்குப் பதிலா முந்திரிகை வத்தல். பேக்கரிப் போறணை எரியிற நாளிலை தட்டைக் குடுத்துச் சுடுவிச்சதும் உண்டு.

1995 ஒக்ரோபர் 30 சண்டையிலை இடம்பெயர்ந்து வலிகாமத்தாலை வெளிக்கிட்டு, அந்த நத்தாருக்கு மட்டுவிலிலை ஒரு வீட்டு விறாந்தையிலை ஆறு குடும்பம். அண்டு கேக் இல்லை. அம்மா ஒரு பானை கஞ்சி காய்ச்சி, அகப்பையோடை நிண்டு எல்லாருக்கும் ஊத்தினவ. தான் குடிச்சவவோ எண்டு எனக்கு ஞாபகமில்லை. அதுக்குப் பிறகு வந்த நத்தார் எல்லாத்திலையும் அம்மா அகப்பையோடை நிக்கிறதுதான் என்ரை கண்ணிலை கிடக்கு. நல்ல சாப்பாடு வந்தாப்பிறகும் அவ இருந்து சாப்பிடேல்லை. இப்ப 79 வயது.

கேக்கைப் பற்றி எழுதத் தொடங்கி எங்கையோ போயிட்டன். 60 பேருக்கு 2 கிலோ 500 கேக் காணும், சின்னத் துண்டா.

15 டிசெம்பர்

ரோல்ஸ் 131 பிறீசரிலை. அச்சாறு பழுக்குது.

மேசை ஒழுங்கைப் பற்றி. வயது போன ஆக்களுக்குப் பஃபே பிடிக்காது. "போட்டுத் தராட்டில் அது என்ன உபசரிப்பு" எண்டு கேப்பினம். அவை கேக்கிறதிலை நியாயம் இருக்கு. கோப்பையைத் தூக்கிக்கொண்டு வரிசையிலை நிக்கிறது எங்கடை முறையில்லை. அதாலை நான் செய்யிறது: 70 க்கு மேலை உள்ளவையை விறாந்தையிலை கதிரையிலை இருத்தி, பேரப்பிள்ளையள் கேட்டுக் கேட்டுப் போட்டுக் கொண்டுபோய்க் குடுக்கிறது. பிள்ளையளுக்கும் அதிலை ஒரு பெருமை. மற்றவை தாங்களே போடுவினம்.

மேசையைச் சுவரோடை ஒட்டாமல் நடுவிலை போட்டால் இரண்டு பக்கத்தாலும் ஆக்கள் போகலாம், 60 பேருக்கும் இருபது நிமிசம் காணும். கோப்பை ஒரு அந்தத்திலை, அதோடை சோறு, பேந்து சைவம், கடைசியிலை மச்சம். கரண்டியும் கைதுடைக்கிற தாளும் கடைசி அந்தத்திலை. முதலே கையிலை குடுத்தால் ஒரு கையாலை சோறு போட ஏலாது. சைவக்கறிக்கு வேற நிறப் பிடி உள்ள அகப்பை. பக்கத்து வீட்டு ஐயா குடும்பம் வருடா வருடம் வாறவை. அவை நம்பிச் சாப்பிட வேணும். ரின்மீன் ரோல்ஸ் தட்டை அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

முழுக் கிடாரத்தையும் மேசைக்குக் கொண்டரவேண்டாம். சின்னச் சட்டியிலை வைச்சு, முடிய முடியக் குசினியிலையிருந்து சூடா மாத்திறது. மேசையிலை இரண்டு மணித்தியாலத்துக்கு மேலை கிடந்ததை எடுத்து வைக்காதையும்.

19 டிசெம்பர்

ஒரு பிறிட்ஜுக்குள்ளை எப்பிடி எல்லாம் அடங்கும் எண்டு நீர் கேட்டு நாலு நாளாச்சு. அடங்காது. பிறிட்ஜிலை இறைச்சி, கோழி, புடிங், 24 இரவு ரோல்ஸ், இவ்வளவும்தான். அச்சாறு வெளியிலை நிக்கும். சீனிச்சம்பல் நல்லா வத்தியிருந்தால் ஒரு மூலைக்குள்ளை ஒரு போத்தில். குடிக்கிற போத்தில், பழம், வெண்ணெய், யாம் எல்லாத்தையும் 22 இரவே வெளியிலை எடும். ஐஸ்கிரீமும் வேணுமெண்டால் கடையிலை சொல்லி வைச்சு ஒரு மணிக்குப் பிறகு எடுப்பியும்.

மிச்சத்துக்கு ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி. புதுசு வாங்கும், மீன் பெட்டி எவ்வளவு கழுவினாலும் மணம் போகாது. மீன்காரர் அடிக்கிற ஐஸ் வெளிக்குளிர்ச்சிக்கு மட்டும், குடிக்கிறதுக்குள்ளை போடக் கூடாது. அதைப் பையிலை கட்டி அடியிலும் மேலும் வைச்சு, நடுவிலை மூடின சட்டி. கறன்ற் போனாலும் பிறிட்ஜைத் திறக்காமல் விட்டால் நாலு மணித்தியாலம் தாங்கும்.

நண்டுக்கறி வைக்கிற எண்ணம் இருந்தால் விட்டுவிடும். பாசையூர்ச் சந்தையிலை 24 விடியக் கிடைக்கிறதுதான் கடைசி, நத்தாருக்கு எங்கடை ஆக்கள் கடலுக்குப் போகமாட்டினம். ஒரு நாள் வைச்ச நண்டு எனக்கு மனதுக்குப் பிடிக்கிறேல்லை. 28 அல்லது 29, வந்த ஆக்கள் குறைஞ்சாப்பிறகு ஆசையாச் சாப்பிடலாம்.

20 டிசெம்பர்

தோலகட்டிக் கத்தோலிக்க ஆசிரமத்து நெல்லிரசம் வாங்கியாச்சு. 1928 இலை தொடங்கின ஆசிரமம், எங்கடை அப்பாவின்ரை காலத்திலையிருந்தே நத்தார் மேசைக்கு அந்தப் போத்தில்தான். பிள்ளையளுக்குச் சோடாவை விட அதுதான் பிடிக்குது எண்டதிலை எனக்குச் சந்தோஷம்.

23 டிசெம்பர், இரவு

இறைச்சி பிறிட்ஜுக்குள்ளை. மோஜுவும் முடிஞ்சுது. கத்தரிக்காயைப் பொரிச்சுத் தாளிலை எண்ணெய் வடிய விட்டு, சூடாறினாப்பிறகுதான் வினாகிரிக் கலவை. சூட்டோடை விட்டால் குழைஞ்சிடும்.

நாளைக்கு: விடியக் கோழி. பத்து மணிக்கு பிஸ்கட் புடிங். பின்னேரம் கரட் சீவி ஈரத்துணியாலை மூடி வைக்கிறது, வெங்காயமும் தேசிப்புளியும் தேங்காய்ப்பூவும் 25 இலைதான். இரவு பூசைக்குப் போக முதல் ரோல்ஸைக் கீழ்த்தட்டுக்கு மாத்திறது. குசினி 4 மணிக்குப் பூட்டு.

24 டிசெம்பர், பின்னேரம் 4.20

பூட்டிட்டன். பாலன் குடிலுக்கு வைக்கோல் தேடப் போறம்.

27 டிசெம்பர்

25 எப்பிடிப் போச்சுதெண்டு எழுதுறன், பிழைச்சதை முதல் சொல்லுறன்.

கோழி உப்பு. திரும்பச் சூடாக்கேக்கை தண்ணி வத்தும் எண்டு தெரிஞ்சும் 24 இலை அளவான உப்புப் போட்டிட்டன். முதலே சமைக்கிற கறிக்கு முக்கால் உப்புத்தான் போட வேணும், மிச்சத்தைப் பால் விடேக்கை பாத்துப் போடலாம். கெட்டிப்பாலைக் கூட விட்டுச் சமாளிச்சன். பருப்பு காணாமல் போச்சு. 1 கிலோ 500 போட்டனான், இரண்டு கிலோ போட்டிருக்க வேணும். சைவக்காரர் மட்டும் சாப்பிடுவினம் எண்டு நினைச்சன், மச்சக்காரரும் பருப்பிலைதான் நிண்டவை. பிஸ்கட் புடிங்குக்கு மேலை தண்ணி கோத்திட்டுது, மூடின தாள் முட்டிக்கொண்டு கிடந்திருக்கு.

24 இரவு கறன்ற் மூண்டு மணித்தியாலம் போனது. பிறிட்ஜைத் திறக்கேல்லை. விடிய வெப்பமானி வைச்சுப் பாத்தன், இறைச்சி 4 பாகை.

சோறு சரியாக் காணும், கடைசியிலை ஒரு சட்டி மிச்சம். அது நாய்க்கும் கோழிக்கும் போனது, நான் எடுத்து வைக்கேல்லை. ரோல்ஸ் ஒண்டரைக்கே முடிஞ்சு பெடியள் வெறுந்தட்டைச் சுத்தி நிண்டவை. அச்சாறுப் போத்திலை மொன்றியல் மச்சாள் பேப்பரிலை சுத்திப் பெட்டிக்குள்ளை வைச்சிட்டா.

நான் ஒரு மணி பத்துக்கு ஏப்ரனைக் கழட்டினன். அம்மா விறாந்தைக் கதிரையிலை இருந்துகொண்டு இரண்டுதரம் கேட்டவ, "ஆர் சோறு போடுறது?" எண்டு. எழும்பப் பாத்தவ. என்ரை மூத்தவளின்ரை சின்னவன், ஏழு வயது, கோப்பையைக் கொண்டந்து மடியிலை வைச்சு, "அம்மம்மா, இறைச்சி காணுமோ, இன்னும் வேணுமோ" எண்டு கேட்டான். அவ "காணும் ராசா" எண்டிட்டுச் சாப்பிடத் தொடங்கினா. நான் பக்கத்திலை கீழை இருந்தன். இரண்டு பேரும் ஒரே நேரத்திலை, சூட்டோடை சாப்பிட்டம். அவ மோஜு இரண்டாந்தரம் கேட்டு வாங்கினவ.

28 டிசெம்பர்

உம்மடை செய்தி கண்டன். சோறு அடி பிடிச்சதுக்குக் கவலைப்படாதையும், 7 கிலோவையும் ஒரே கிடாரத்திலை போட்டால் ஆருக்கும் பிடிக்கும். ஆட்டிறைச்சி ஒரு துண்டும் மிஞ்சேல்லை எண்டதை மாமிக்குப் பக்கத்திலை இருந்து எழுதினனீர் எண்டது எனக்குக் காணும்.

மிச்ச இறைச்சிக்கறி உள்ளவை: சமைச்ச நாளிலையிருந்து நாலு நாள்தான் கணக்கு. 23 சமைச்சதெண்டால் நேற்றோடை முடிஞ்சுது, ஆரும் இன்னும் வைச்சிருந்தால் எறிஞ்சுவிடுங்கோ. சீனிச்சம்பலுக்குப் பயமில்லை, பாணுக்குள்ளை வைச்சுச் சாப்பிடலாம்.

131 இலை 18 ரோல்ஸை நான் 24 இரவு கீழ்த்தட்டுக்கு மாத்தேல்லை, பிறீசரிலை அப்பிடியே கிடக்கு. 31 இரவுப் பூசை முடிய எங்கடை வீட்டுக்கு ஒன்பது பேர் வருகினம். அவைக்குக் காணும்.